ஏற்ற இறக்கம் என்னும் சொல்



சில நாட்களுக்கு முன் எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குச் சொல்வதெழுதுதல் வைத்தேன். ரப்பர் விலையைப் பற்றிய நான்கு வரிகளைப் படித்தேன். “ரப்பர் விலையில் ஏற்ற இறக்கம் காணப்பட்டது” என்பது அவற்றில் ஒன்று. ஏடுகளைத் திருத்தும்போது ஒரு சிறுமி “ஏற்ற இரக்கம்” என்று இடையின ரகரம் போட்டு எழுதியிருப்பதைக் கண்டேன். வல்லின றகரம் போட்டால் இறங்குவது; இடையின ரகரம் போட்டால் பரிவு, கருணை. “விலைக்கு ஏதம்மா இரக்கம்?” என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது, அந்தச் சிறுமியும் சிரித்துவிட்டாள்.

பிறகு அந்தச் சொல்லின் பொருளைக் கேட்டேன். பலர் “விலை ஏறியது” என்றார்கள். இருவர் “விலை இறங்கியது” என்றார்கள். ஒருவன் மட்டும் எழுந்து, “ஏறிச்சு சார், அப்புறம் இறங்கிச்சு, மறுபடி எப்ப ஏறும்னு தெரியாது” என்றான். அவன் சொன்னதுதான் சரியான பொருள். இன்றைய பேச்சில் நான் உங்களுக்குச் சொல்லப்போவதும் அந்தப் பையன் சொன்னதன் விளக்கமே தவிர வேறில்லை.

ஏறு என்னும் வினையிலிருந்து ஏற்றம் பிறந்தது. இறங்கு என்பதிலிருந்து இறக்கம் பிறந்தது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் ஏற்ற இறக்கம். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்தச் சொல்லுக்கு இரண்டு கால்கள் உண்டு. ஒரு காலை மட்டும் பிடித்துக்கொண்டால் பொருள் நொண்டிவிடும். மலாய் மொழியிலும் இப்படித்தான். அவர்கள் “துருன் நாயேக்” என்பார்கள். துருன் என்றால் இறங்குவது, நாயேக் என்றால் ஏறுவது. நாம் ஏற்றத்தை முன்னால் வைக்கிறோம். அவர்கள் இறக்கத்தை முன்னால் வைக்கிறார்கள். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல், அலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நாமும் மனம் நிலையில்லாமல் இருந்தால் “மனசு அலைபாயுது” என்கிறோம் அல்லவா?

ஏறி இறங்குவதெல்லாம் ஏற்ற இறக்கம் ஆகிவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் நுட்பம் இருக்கிறது. புக்கிட் தெங்காவிலிருந்து ஜூரு ஆற்றின் முகத்துவாரப் பக்கம் போய்ப் பாருங்கள். கடல் நீர் நாள்தோறும் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். இன்று ஏறிய நேரத்தைவிட நாளைக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிந்தி ஏறும். மீன் பிடிப்பவர்கள் இதை மனக்கணக்காகவே சொல்லிவிடுவார்கள். அதுபோல, ரப்பர் மரம் ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் இலை உதிர்க்கும், பால் குறையும், புது இலை வந்து முற்றியதும் பால் கூடும். இவையெல்லாம் ஏறி இறங்குபவைதாம். ஆனால் இவற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லலாம். இவற்றைப் பருவ மாற்றம், கடல் ஏற்றவற்றம் என்று தனித்தனிப் பெயரால் சொல்லுகிறோம்.

இன்னொரு வகை மாற்றம் இருக்கிறது. செபராங் பிறை மண்ணையே எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே கரும்புத் தோட்டங்கள் இருந்தன. நம்முடைய முன்னோர் பலர் முதலில் இந்த மண்ணில் வெட்டியது கரும்பைத்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது. பிறகு செம்பனை வந்தது. இப்போது தோட்டங்கள் இருந்த இடம் பலவற்றில் தொழிற்சாலைகள் நிற்கின்றன. பள்ளியின் பெயரில் மட்டும் ‘தோட்டம்’ மிஞ்சியிருக்கிறது. இது மாற்றம். ஆனால் ஏற்ற இறக்கம் அன்று. போன கரும்பு திரும்பி வரவில்லை. ஒரே பக்கமாகப் போகிற வண்டியை நாம் ஊஞ்சல் என்று சொல்வதில்லை.

ஆகவே, ஒரே பொருள் கூடியும் குறைந்தும் வருவது, அப்படி வருவதற்கு நாள் கணக்கோ ஒழுங்கோ இல்லாதிருப்பது, இந்த இரண்டும் சேர்ந்தால்தான் ஏற்ற இறக்கம். விலை, நாணய மதிப்பு, மின்சார அழுத்தம், நோயாளியின் காய்ச்சல் ஆகியவற்றுக்கு இச்சொல் பொருந்தும்.

இதற்கு உறவான சில சொற்களையும் பார்த்துவிடுவோம். ஏற்றத்தாழ்வு என்று ஒரு சொல் உண்டு. பலர் இதையும் ஏற்ற இறக்கத்தையும் ஒன்றென எண்ணி மாற்றி எழுதுகிறார்கள். ஏற்ற இறக்கம் என்பது ஒன்றே பல நாளில் மாறுவது. ஏற்றத்தாழ்வு என்பது இருவர் ஒரே நாளில் வெவ்வேறு படியில் நிற்பது. பங்களாவுக்கும் லயத்து வீட்டுக்கும் இடையில் இருந்தது ஏற்றத்தாழ்வு. அது மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கவில்லை. ஊசலாட்டம் என்பது இரண்டு முனைகளுக்கு நடுவே போய்வருவது. “வேலையை விடலாமா, வேண்டாமா என்று ஊசலாடுகிறான்” என்போம். தடுமாற்றம் மனிதருக்கு உரியது. விலை தடுமாறுகிறது என்று சொன்னால் அது அணியழகுக்காகச் சொல்வது. சஞ்சலம் மனத்துக்கு மட்டும். வீட்டில் நாம் பேசும் “கூடக் குறைய” என்பது தோராயத்தைக் குறிக்கும். “கூடக் குறைய இருபது பேர் வந்தார்கள்” என்றால் ஆட்கள் ஏறி இறங்கினார்கள் என்று பொருள் இல்லை.

பயன்படுத்தும் முறையிலும் கவனம் வேண்டும். “விலை ஏற்ற இறக்கம் உயர்ந்தது” என்று எழுதக்கூடாது. “விலை ஏற்ற இறக்கமாக இருக்கிறது”, “விலையில் ஏற்ற இறக்கம் மிகுதி” என்று எழுத வேண்டும். இன்னொரு நல்ல வழக்கும் உண்டு. பிள்ளை செய்யுளை ஒரே தொனியில் ஒப்பித்தால், “ஏற்ற இறக்கத்தோடு வாசி” என்று நாங்கள் சொல்வோம். குரலுக்கு ஏற்ற இறக்கம் அழகு. குடும்பச் செலவுக்கு அது அழகன்று.

இனி இந்தச் சொல் நம்முடைய வாழ்க்கையில் எப்படி நடந்தது என்பதைப் பார்ப்போம். ஏனென்றால் மலேசியத் தமிழரின் கதையில் பாதி, ரப்பர் விலையின் கதைதான்.

1910-ஆம் ஆண்டு ஏப்ரலில் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கும் மேலே போயிற்று. மோட்டார் வண்டிகள் பெருகிய காலம் அது. அந்த விலையைப் பார்த்துத்தான் காடுகள் அழிந்து தோட்டங்கள் பெருகின, ஆட்கள் தேவைப்பட்டார்கள், கப்பல்கள் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் போய்வந்தன. நட்ட மரமெல்லாம் பால் கொடுக்கத் தொடங்கியதும் சரக்கு மிகுந்தது. 1920-க்குப் பிறகு விலை ஒரு ஷில்லிங்குக்கும் கீழே வந்தது. 1922 நவம்பரில் அரசாங்கம் ஸ்டீவன்சன் திட்டம் என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. 1925-இல் விலை மறுபடி நான்கு ஷில்லிங்கைத் தாண்டியது. 1928-இல் திட்டம் கைவிடப்பட்டது. 1929-இல் மலாயாவில் ராத்தலுக்குச் சராசரி 34 காசு இருந்த விலை, உலகப் பொருளாதார மந்தத்தில் சரிந்து, 1932 ஜூனில் 5 காசுக்கும் கீழே போயிற்று.

அந்த இறக்கம் யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள். நிர்ணயக் கூலி இருந்த தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று இருந்தது. 1930-இல் அது 40 காசு, 32 காசு என்று குறைக்கப்பட்டது. பிறகு அதற்கும் கீழே இறங்கியது. வேலை இல்லாமல் போனவர்களைப் பினாங்கிலிருந்தும் மற்றத் துறைமுகங்களிலிருந்தும் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். சில ஆண்டுகளுக்குள் அப்படிப் போனவர்கள் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். மீண்டும் விலை ஏறியபோது மீண்டும் ஆள் தேடினார்கள். விலை ஏறி இறங்குவது ஏற்ற இறக்கம். அது இறங்கும்போது யார் தாங்க வேண்டும் என்பதை முடிவு செய்வது ஏற்றத்தாழ்வு. இரண்டு சொற்களையும் குழப்பக்கூடாது என்று முன்பு சொன்னேனே, அதன் காரணம் இதுதான். விலை இறங்கியதை யாரும் தடுத்திருக்க முடியாது என்றே வைத்துக்கொள்வோம். கூலியில் அதை எவ்வளவு இறக்குவது என்பது மனிதர் எடுத்த முடிவு.

கொரியப் போர் 1950-இல் மூண்டது. 1949-இல் ராத்தலுக்குச் சராசரி 38 காசு இருந்த ரப்பர், 1951-இல் 1 வெள்ளி 69 காசு ஆயிற்று. 1953-இல் 67 காசுக்கு வந்துவிட்டது. நான்கே ஆண்டில் மலை ஏறி மலை இறங்கிவிட்டது! 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவான பிறகு, அது முதலாளிமார் சங்கத்தோடு பேசிக் கூலி ஒப்பந்தங்கள் செய்தது. விலை ஏறினால் கூலியில் கொஞ்சம் ஏறும். விலை விழுந்தாலும் கூலி ஓர் அளவுக்குக் கீழே போகாது என்ற ஏற்பாடு அதனால் வந்தது.

உலக நாடுகளும் இதைச் சரிசெய்யப் பார்த்தன. 1979-இல் அனைத்துலக இயற்கை ரப்பர் ஒப்பந்தம் செய்தார்கள். அதன் அமைப்புக்குத் தலைமையகம் கோலாலம்பூரில் இருந்தது. மலிவான நாளில் அரிசியை வாங்கிப் பானையில் போட்டு வைக்கிற வீட்டுக்காரி போல, விலை விழும்போது ரப்பரை வாங்கிக் கிடங்கில் வைப்பது. விலை எகிறும்போது எடுத்து விற்பது. 5,50,000 டன் வரை சேர்த்து வைக்க இடம் வைத்திருந்தார்கள். ஆனாலும் 1997-இல் வந்த ஆசியப் பண நெருக்கடிக்குப் பிறகு முக்கிய நாடுகள் விலகின. 1999-இல் அந்த அமைப்பு கலைக்கப்பட்டது. நாடுகள் பல கூடியும் கட்டிப்போட முடியாத குதிரை இது என்பதை நாம் உணர வேண்டும்.

செம்பனைக்கு மாறிவிட்டோமே, இனிக் கவலையில்லை என்று நினைப்பவர்களுக்கும் ஒரு செய்தி. 2022 மார்ச்சில் ஒரு டன் செம்பனை எண்ணெய் 7,000 வெள்ளிக்கும் மேல் போயிற்று. அதே ஆண்டு செப்டம்பர் முடிவில் 3,500 வெள்ளிக்கும் கீழே வந்தது. ஏழு மாதம்கூட ஆகவில்லை.

இப்போது நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்லுகிறேன். சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சுக்கே நான் தகுதியற்றவன்.

2011-ஆம் ஆண்டு. நான் பணிக்கு வந்து சில ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை, கூலிம் பக்கம் ஒரு சிறு தோட்டத்தில் பாதிப் பங்குக்கு மரம் சீவிக்கொண்டிருந்தார். வரும் பணத்தில் பாதி தோட்டக்காரருக்கு, பாதி இவருக்கு. அந்த ஆண்டு பிப்ரவரியில் ரப்பர் விலை கிலோ 15 வெள்ளியைத் தாண்டியது. மரம் சீவுகிறவர் கையில் கிடைப்பது சந்தை விலையைவிடக் குறைவுதான் என்றாலும், அவர் தம் வாழ்நாளில் பார்த்திராத பணம் அது. புது மோட்டார் சைக்கிள் வாங்கினார். பெரிய தொலைக்காட்சிப் பெட்டி, குளிர்பதனப் பெட்டி, கட்டில், எல்லாம் தவணை. ஒரு நாள் பள்ளிக்கு வந்தவர் கையில் நாளேடு இருந்தது. “பாருங்க வாத்தியாரே, பேப்பர்லயே போட்டிருக்கான், ஏற்ற இறக்கம்னு. இன்னும் ஏறும்போல இருக்கு” என்றார்.

அவர் கண்ணில் பட்டது ஏற்றம் மட்டும். இறக்கம் என்ற பாதி அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் படித்தவன். அந்தச் சொல்லின் பொருளை அன்றே அவருக்குச் சொல்லியிருக்கலாம். என்னைவிட வயதில் மூத்தவர், மகிழ்ச்சியாக இருக்கிறார், நமக்கேன் என்று சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.

2014 முடிவில் அதே ரப்பர் கிலோ 6 வெள்ளிக்கும் கீழே வந்துவிட்டது. தவணை மட்டும் இறங்கவில்லை. தவணைக்கு ஏற்ற இறக்கம் கிடையாது, நேயர்களே. அது மாதம் தவறாமல் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். முதலில் மோட்டார் சைக்கிள் போயிற்று. பிறகு கைமாற்றுக் கடன். கடைசியில் வீட்டில் நிறுத்தப்பட்டது அந்தப் பெண்ணின் பள்ளிக்கூட பஸ் கட்டணம். மூன்றாம் படிவத்தோடு அவள் படிப்பு நின்றது. என் வகுப்பில் கணக்கில் முதலாவதாக வந்த பெண் அவள். ஒரு சொல்லுக்குச் சரியாகப் பொருள் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால், எனக்கு அவள் முகம்தான் நினைவுக்கு வரும்.

ஆகையால் ஒரு சிறு கணக்குச் சொல்லுகிறேன். பென்சில் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு குடும்பத்தின் ஆறு மாத வருமானம் இப்படி என்று வைத்துக்கொள்வோம்: 1,900, 2,250, 1,700, 2,100, 1,850, 2,200 வெள்ளி. கூட்டினால் 12,000. ஆறால் வகுத்தால் சராசரி 2,000. இந்தக் குடும்பம் எந்தத் தொகையை வைத்துத் திட்டம் போட வேண்டும்? ஆசைப்படுகிறவர் 2,250-ஐப் பார்ப்பார். பள்ளியில் படித்தவர் 2,000 என்பார். ஆனால் ஆறு மாதத்தில் மூன்று மாதம் 2,000 வெள்ளி வரவில்லை. சராசரி என்பது ஆற்றின் சராசரி ஆழம் போன்றது. முழங்கால் அளவுதான் என்று கேட்டு இறங்கினால் நடுவில் ஆளை முழுக்கிவிடும். எனவே மாதாமாதம் தவறாமல் கட்ட வேண்டிய வாடகை, தவணை, பஸ் கட்டணம், அரிசி ஆகியவற்றை மிகக் குறைந்த மாதமாகிய 1,700-க்குள் அடக்க வேண்டும். அதற்கு மேல் வரும் மாதத்தில் மிஞ்சுவது, குறைகிற மாதத்துக்கு முட்டுக்கொடுக்க. இதுதான் வீட்டிலேயே வைக்கக்கூடிய கிடங்கு.

தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகளும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அடிப்படைச் சம்பளம் நிலையானது. ஓவர்டைம் ஏற்ற இறக்கமானது. ஆர்டர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஓவர்டைமை நம்பித் தவணை எழுதிக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு கண்கட்டு வித்தையும் இதில் உண்டு. 100 வெள்ளிப் பொருளின் விலை 20 விழுக்காடு இறங்கியது. பிறகு 20 விழுக்காடு ஏறியது. பழைய விலைக்கு வந்துவிட்டதா? வரவில்லை. 100 இறங்கி 80 ஆயிற்று. 80-இல் 20 விழுக்காடு 16. ஆக 96 வெள்ளி. இறங்கின அளவு ஏறிவிட்டது என்று யாராவது சொன்னால், எதிலிருந்து என்று கேளுங்கள்.

பணத்துக்கு மட்டும் இந்த அறிவு வேண்டும் என்பதில்லை. இனிப்பு நீர் உள்ளவர்கள் ஒரு நாள் சோதித்துப் பார்த்துக் குறைவாக இருந்தால் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். இரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கக்கூடியது. அதனால்தான் மருத்துவர்கள் ஏறக்குறைய மூன்று மாத நிலையைக் காட்டும் சோதனை ஒன்றையும் செய்யச் சொல்லுகிறார்கள். ஒரு நாள் இறக்கத்தைப் பார்த்து மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தக்கூடாது. பிள்ளைகளின் தேர்வும் அப்படியே. ஒரு தேர்வில் எண்பது வாங்கிய பிள்ளை அடுத்த தேர்வில் ஐம்பத்தைந்து வாங்கினால் உடனே பிரம்பை எடுக்காதீர்கள். நாலைந்து தேர்வு மதிப்பெண்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். ஏறி இறங்கி இருந்தால் அது ஏற்ற இறக்கம். உட்கார வைத்துப் படிக்கச் சொல்லலாம். ஒவ்வொரு தேர்விலும் இறங்கிக்கொண்டே வந்தால் அது வீழ்ச்சி. அப்போது பள்ளிக்கு வந்து எங்களைப் பாருங்கள்.

சுருங்கச் சொன்னால், விலையோ சம்பளமோ ஏற்ற இறக்கமாக இருக்கிறது என்று நாளேட்டிலோ வானொலியிலோ கேட்டால், மூன்று கேள்வி கேளுங்கள். இதற்கு முன் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது? மறுபடி அப்படி இறங்கினால் நம் வீடு தாங்குமா? தாங்காது என்றால் எதை இப்போதே குறைப்பது? பிள்ளையின் படிப்பைக் குறைப்பது அந்தப் பட்டியலில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொல்வதெழுதுதலில் பிழை விட்ட சிறுமிக்கு அந்தச் சொல்லைப் பத்து முறை எழுதச் சொன்னேன். வல்லின றகரம் போட்டு அழகாக எழுதிக்கொண்டு வந்தாள். விலைக்கு இரக்கம் இல்லைதான். வீட்டுக் கணக்கை எழுதுகிற அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அது இருக்கலாம்.